லூயிஸ் மாட்டின நீல லைட்டு

சாந்தோம்ல வந்து லைட்மேன் லூயிஸ் வீடு எதுன்னு கேட்டீங்கன்னா பாதிப் பேரு வழி காட்டுவாங்க. மீதிப் பேரு, "அந்த ஆளுகிட்ட உங்களுக்கு இன்னாங்க வேலை?"ன்னு திருப்பிக் கேப்பாங்க. வாய் அப்படி. கோடம்பாக்கத்துல ஒரு ஆயுசு பூரா லைட்டு தூக்கின மனுஷன். மீட்டரை வச்சு வெளிச்சத்தை அளக்குற கேமராமேனைப் பாத்து, "சார், அதப் பையில போடுங்க, என் கண்ணு சொல்றதத்தான் அதுவும் சொல்லப்போவுது"ம்பாரு. மீட்டரும் பல நாள் அதையேதான் சொல்லும். அந்தக் கண்ணு மேல அவருக்கு இருந்த நம்பிக்கை, கட்டின பொண்டாட்டி கிளாடிஸ் மேலகூட இருந்ததில்ல.

அவரு வீட்டு ஹால்ல, சோபா இருக்க வேண்டிய எடத்துல ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி இருக்கும். தொட்டின்னா சும்மா தங்கமீன் விடுற தொட்டி இல்ல. உள்ள இருக்குறது கடல் தண்ணி. வீட்டுக்குப் பின்னாலயே கடல் இருந்தும், ஆறு கலக்குற தண்ணி ஆவாதுன்னு, ஸ்கூட்டர்ல கேனைக் கட்டிக்கினு பாலவாக்கம் வரைக்கும் போய் மொண்டுக்கினு வருவாரு. பாறை, பாறையில ஒட்டின பவளம், அதுக்கு நடுவுல உச்சாணியில ஒரு கடல் சாமந்தி. பேரைக் கேட்டுப் பூவுன்னு நெனச்சிடாதீங்க, அது உசுருள்ள ஜீவன். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு விரல் விரலா விரிஞ்சு ஆடிக்கினே இருக்கும். ரெண்டு கோமாளி மீனு அந்த விரலுக்குள்ளயே குடித்தனம்.

அதுக்குப் பேரு மகாராணி. பேரு வச்சது ஈவ்லின், லூயிஸோட ஒரே பொண்ணு. காலேஜ் படிக்கும்போது நாணயம் அளவுல வாங்கியாந்து, எறாலைப் பொடிப்பொடியா நறுக்கி ஊட்டி வளத்தா. அதுக்கு இன்னா ஆவும், இன்னா ஆவாதுன்னு புஸ்தகம் புஸ்தகமாப் படிச்சு வச்சிருந்தா. அந்த ஈவ்லின், கூட வேலை பாக்குற ஃபைசானைக் கட்டிக்கிறேன்னு வந்து நின்ன அன்னிக்கு லூயிஸ் பேசின பேச்சு இருக்கே, அதை நான் இங்க எடுத்துச் சொல்லப் போறதில்ல. கடைசியா, "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத"ன்னாரு. அவளும் அப்பனுக்குத் தப்பாத பொண்ணு. மிதிக்கல.

பெருங்குடியில வீடு எடுத்து அவங்க ரெண்டு பேரும் நல்லாத்தான் இருந்தாங்க. சாந்தோமுக்குப் பெருங்குடி இன்னா சிங்கப்பூரா? கிளாடிஸ் அப்பப்போ, "டீச்சர் ஒருத்தங்களப் பாக்கணும்"னு சொல்லிட்டுப் போய்ப் பொண்ணைப் பாத்துட்டு வருவாங்க. அது லூயிஸுக்கும் தெரியும். தெரியாத மாதிரி பேப்பர் படிப்பாரு.

ஆனா ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்ததும் ஈவ்லின்கிட்ட இருந்து அம்மாவுக்கு போன் வரும். எல்லாம் பேசி முடிச்சுட்டு, வைக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேப்பா. கிளாடிஸ் போனைத் தள்ளிப் புடிச்சுக்கினு, "என்னங்க, மகாராணி எப்படி இருக்குன்னு கேக்குறா"ம்பாங்க. லூயிஸ் தொட்டியாண்ட நின்னுக்கினு, போனுக்குள்ள விழுற மாதிரி சத்தமா, "நல்லா கீதுன்னு சொல்லு"ம்பாரு. ஆறு வருஷமா அப்பனுக்கும் பொண்ணுக்கும் இருந்த பேச்சு வார்த்தை இவ்வளவுதான். அந்த ஒரு பதிலைச் சொல்றதுக்காக அந்த மனுஷன் வாரம் பூரா தண்ணி மொண்டாரு, பாசி சொரண்டினாரு, எறால் நறுக்கினாரு.

வினை பல்புல வந்துச்சு. தொட்டி மேல அவரு தொங்கவிட்டிருந்தது ஷூட்டிங்ல எரியிற ஜாதி லைட்டு, மெட்டல் ஹாலைடு. மத்தியான வெயிலைப் பிடிச்சு வீட்டுக்குள்ள வச்ச மாதிரி எரியும். பொங்கல் முடிஞ்ச கையோட அது புஸ்ஸுன்னு போச்சு. மாத்துப் பல்பு தேடி ஊரெல்லாம் அலைஞ்சாரு, ஒருத்தன்கிட்டயும் இல்ல. "அதெல்லாம் இப்ப யாரு செய்றாங்க"ன்னு சிரிச்சானுங்க. கடைசியில தி.நகர்ல கடல் மீன் விக்கிற உபைத் கடைக்குப் போய், வேற வழியில்லாம ஒரு எல்இடி பலகையை வாங்கினாரு. வெள்ளைக்கு ஒரு திருகு, நீலத்துக்கு ஒரு திருகு.

உபைத் பில்லு போடும்போதே சொன்னான். "அண்ணே, பாக்க மங்கலாத் தெரியும், நம்பாதீங்க. இந்த நீலம் உள்ள போய் அடிக்கும். மொதல்ல கால்வாசியில வச்சு, மெதுவா ஏத்துங்க. சாமந்திக்குப் பழகணும்."

லூயிஸ் பலகையைத் தூக்கி கக்கத்துல வச்சுக்கினாரு. "தம்பி, நான் லைட்டு புடிக்கச்சே நீ பொறக்கவே இல்ல. வெளிச்சத்தப் பத்தி எனக்குச் சொல்றியா நீ?"

வீட்டுக்கு வந்து மாட்டி, கால்வாசியில வச்சுப் பாத்தாரு. சப்புன்னு இருந்துச்சு. செத்த வெளிச்சம். வெள்ளையை ஏத்தினா கொஞ்சம் பரவால்ல. நீலத்தைத் திருகினாரு, திருகினாரு, ஒன்னும் பெருசா மாறின மாதிரியே தெரியல. முழுசா ஏத்தி விட்டாரு. அப்பத்தான் அவரு கண்ணுக்கு ஏதோ பழைய லைட்டுக்குக் கொஞ்சம் கிட்ட வந்த மாதிரி இருந்துச்சு.

சமையக்கட்டுல இருந்து எட்டிப் பாத்த கிளாடிஸ், "என்னங்க இது, கண்ணு கூசுது"ன்னாங்க.

"உனக்கு இன்னா தெரியும், போய் கொழம்பப் பாரு."

தான் புடிச்ச முயலுக்கு மூணே காலுன்னு நிக்கிற ஆளுகிட்ட அதுக்கு மேல யாரு பேசுறது? கிளாடிஸ் கொழம்பைப் பாக்கப் போயிட்டாங்க. அவங்களுக்கும் அந்த வீட்டுல வாழ்ந்து பழக்கம்.

ஒரு வாரத்துல மகாராணி சுருங்க ஆரம்பிச்சுது. தட்டு அகலம் இருந்தது கிண்ணம் ஆச்சு. கழுதை தேஞ்சு கட்டெறும்பு ஆன கதைதான். தேன் கலர்ல இருந்த விரலெல்லாம் வெளுத்து, உள்ள இருக்குறது வெளிய தெரியிற மாதிரி ஆயிடுச்சு. லூயிஸ் தொட்டியாண்ட குந்திக்கினு யோசிச்சாரு. வெளிச்சம் பத்தல, அதான் வெளுக்குதுன்னு முடிவு பண்ணாரு. தொங்குற பலகையை இன்னும் ஒரு சாண் கீழ எறக்கிக் கட்டினாரு.

பாவி மனுஷா.

மறுநாள் மகாராணி உச்சாணியில இல்ல. நகந்து நகந்து பாறைக்கு அந்தாண்ட, நெழல்ல போய் ஒட்டிக்கினு இருந்துச்சு. உப்பு சரியா இருக்கான்னு பாத்தாரு, சரியா இருந்துச்சு. பாதித் தண்ணியை மாத்தினாரு. எறாலைப் பல்லுல கடிச்சுக் கூழாக்கி ஊட்டிப் பாத்தாரு, அது வாங்கல. தவக்காலம் ஆரம்பிச்சிருந்த நேரம். வருஷத்துக்கு ஒருக்கா கோயிலுக்குப் போற ஆளு, பெசன்ட் நகர் மாதா கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏத்தி, முட்டி போட்டு அழுதாரு. ஒரு கடல் பூச்சிக்காகவா இந்த ஆளு அழுவுறாருன்னு யாராச்சும் கேட்டிருந்தா, அவரால பதில் சொல்லியிருக்க முடியாது. அது செத்துட்டா அடுத்த ஞாயித்துக்கிழமை அவ கேக்குறதுக்கு இன்னா இருக்கு? அந்தப் பயம்தான் அவரைப் போட்டு அரிச்சுது.

ஞாயிறு வந்துச்சு. போன் வந்துச்சு. "மகாராணி எப்படி இருக்குன்னு கேக்குறா."

"நல்லா கீதுன்னு சொல்லு."

கொரல் கொஞ்சம் கம்முச்சு. கிளாடிஸ் அவரையே பாத்தாங்க. பூசைக்குக் கட்டின பொடவையை இன்னும் மாத்தல. அந்தப் பார்வையைத் தாங்க முடியாம லூயிஸ், "கோயிலுக்கு இன்னாத்துக்குக் கறுப்பு கட்டிக்கினு போற?"ன்னு எரிஞ்சு விழுந்தாரு. கறுப்பா? இது ஈவி எடுத்துக் குடுத்த நீலமாச்சேன்னு சொல்ல வந்த கிளாடிஸ், அவரு மூஞ்சியைப் பாத்துட்டுச் சொல்லாம விட்டுட்டாங்க.

அடுத்த வாரம் ஈவ்லின், "வீடியோல காட்டுங்க மம்மி, பாக்கணும் போல கீது"ன்னா. லூயிஸ் கையை ஆட்டி, நெட்டு இல்லன்னு சொல்லச் சொன்னாரு.

அதுக்கப்புறம் வந்த வியாழக்கிழமை சாயந்தரம் மகாராணி பிடியை விட்டுடுச்சு. தண்ணியில மெதந்து, அலையடிக்கிற மோட்டார் வாயிலே போய் மாட்டிக்கிச்சு. லூயிஸ் சட்டையோட தோள் வரைக்கும் கையை விட்டு, மோட்டாரை நிறுத்தி, பிச்சு எடுத்தாரு. பாதி விரல் மோட்டார்லயே தங்கிடுச்சு. மீதியைக் கண்ணாடிக் கிண்ணத்துல போட்டு, தொட்டிக்குள்ளயே அடித்தரையில எறக்கி வச்சிட்டு, ஈரக் கையை அப்படியே கிளாடிஸ்கிட்ட நீட்டினாரு.

"போனைக் குடு. அவளுக்குப் போடு."

"யாருக்கு?"

"ஈவிக்குடீ. அவளுக்குத்தான் இதப் பத்தித் தெரியும். வேற யாரைக் கேக்குறது நானு?"

வீடியோல ஈவ்லின் மூஞ்சி வந்துச்சு. கொஞ்சம் சதை போட்டிருந்தா. கண்ணாடி போட்டிருந்தா. எப்போ கண்ணாடி போட்டான்னு அவருக்குத் தெரியாது. ஆறு வருஷத்துக்கு எவ்வளவோ சேத்து வச்சிருந்தாரு, வாயில வந்தது இதுதான்.

"ஈவி, மகாராணி சாவுதும்மா. நான் பொய் சொல்லிட்டேன். இன்னா பண்றதுன்னு சொல்லு."

அவ அழல, திட்டல. "தொட்டியைக் காட்டுங்க டாடி"ன்னா. காட்டினாரு.

"ஏன் டாடி ஹால் பூரா இவ்ளோ நீலமா கீது?"

"எங்க நீலம்? மங்கலா எரியுது, அதான் கிட்ட எறக்கி வச்சேன்."

"டாடி, மம்மி மூஞ்சி நீலமா கீது, செவுரு நீலமா கீது. இது மங்கல் இல்ல. வெளிச்சம் அதைச் சுட்டுடுச்சு. மம்மி, மொதல்ல அந்த நீலத்தக் கொறைங்க, தொட்டிமேல துணி போட்டு மூடுங்க." அப்புறம் கொரலைத் தணிச்சுக்கினு சொன்னா. "டாடி, நீங்க ஒரு நல்ல டாக்டர்கிட்டக் கண்ணைக் காட்டுங்க. புரை விழுந்தா நீலம் தெரியாதாம்."

அவ்வளவுதான், லூயிஸுக்கு ஏறிடுச்சு. "என் கண்ணுக்கு ஒன்னும் இல்ல. ஊருக்கே வெளிச்சம் காட்டின கண்ணு இது. நீ எனக்குச் சொல்லாத." போனை அமுக்கி வச்சிட்டாரு. ஆறு வருஷம் கழிச்சுப் பேசின பொண்ணுகிட்ட மூணு நிமிஷம்கூட ஒழுங்காப் பேசத் தெரியல அந்த மனுஷனுக்கு.

கிளாடிஸ் நீலத்தைக் கொறைச்சாங்க. பெரிய துணிக்கு எங்க போறதுன்னு பாத்தாங்க. தவக்காலமாச்சே, வீட்டு பீடத்துல மாதா சுரூபத்தையும் சிலுவையையும் சேத்து மூடி வச்சிருந்த துணி இருந்துச்சு. மாதாகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கினு அதை உருவி, தொட்டி மேல விரிச்சாங்க.

லூயிஸ் திரும்பிப் பாத்தாரு. "ஏய், அதுக்குள்ள இன்னாத்துக்கு கறுப்புத் துணி போட்டுட்ட? அது இன்னும் சாவல."

கிளாடிஸ் துணியோட மூலையைப் புடிச்சுக்கினு அப்படியே நின்னாங்க. "கறுப்பு இல்லங்க. மாதாவுக்குப் போட்டிருந்தது."

பொறந்ததுல இருந்து பாக்குறாரு. தவக்காலத்துல சுரூபத்துக்குப் போடுற துணி ஊதா. அதை யாரும் அவருக்குச் சொல்லித்தரத் தேவையில்ல, கண்ணைக் கட்டிவிட்டாக்கூடச் சொல்லுவாரு. அந்த ஊதா இப்ப அவரு கண்ணு முன்னாடி கரிக்கட்டை மாதிரி கறுப்பாத் தொங்கிக்கினு இருந்துச்சு. கிட்டப் போனாரு. தொட்டாரு. ஜன்னலாண்ட இழுத்துக்கினு போய் வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தாரு. கறுப்புதான். போன வருஷம் ஷூட்டிங்ல கேமராமேன் பையன் ஒருத்தன், "லூயிஸண்ணே, நீலம் ஜாஸ்தியா கீது"ன்னு சொன்னதும், தான் அவனைத் திட்டினதும், அதுக்கப்புறம் தன்னைக் கூப்பிடாம விட்டதும், எல்லாம் ஒன்னா வந்து நின்னுச்சு. துணியை மடியில போட்டுக்கினு தரையில ஒக்காந்துட்டாரு. கண்ணு கெட்ட பெறகு சூரிய நமஸ்காரம்பாங்க. அந்த மனுஷனுக்கு, கெட்டதுகூடத் தெரியாம போச்சு.

மகாராணி சனிக்கிழமை செத்துடுச்சு. செத்ததை உள்ள விட்டா தண்ணியே விஷமாயிடும்னு கிண்ணத்தோட எடுத்துக்கினு போய்க் கடல்லயே விட்டுட்டு வந்தாரு. கோமாளி மீனு ரெண்டும் உச்சாணிப் பாறைய சுத்திச் சுத்தி வந்துச்சு.

ஞாயித்துக்கிழமை கிளாடிஸ் பூசைக்குப் போயிட்டு வந்தாங்க. லூயிஸ் பேப்பரை எடுக்கல. போன் மேசை மேல கிடந்துச்சு. இனிமே எதுக்குப் பண்ணப்போறா? கேக்குறதுக்கு இன்னா இருக்கு? வழக்கமா வர்ற நேரம் தாண்டிப் போச்சு. கிளாடிஸ் வெங்காயம் உரிக்கிற சாக்குல கண்ணைத் தொடச்சாங்க. லூயிஸ் எழுந்து தொட்டியாண்ட போய் வழக்கமா நிக்கிற எடத்துல நின்னாரு. அங்க நின்னு பாக்க ஒன்னுமே இல்ல.

போன் அடிச்சுது.

கிளாடிஸ் எடுத்துப் பேசினாங்க. மகாராணி போயிட்டதைச் சொன்னாங்க. அந்தாண்ட ரொம்ப நேரம் ஏதோ சொன்னா அவ. கிளாடிஸ் ஊம் ஊம்னு கேட்டுக்கினாங்க. கடைசியா, எப்பவும் போல, போனைத் தள்ளிப் புடிச்சாங்க.

"என்னங்க, டாடி எப்படி இருக்காருன்னு கேக்குறா."

லூயிஸ் தொட்டிக் கண்ணாடியைப் புடிச்சுக்கினாரு. வாய் பழக்கத்துல நல்லா கீதுன்னு சொல்லத்தான் தொறந்துச்சு.

"நல்லா இல்லன்னு சொல்லு"ன்னாரு. "வந்து பாக்கச் சொல்லு."