யாழுக்கு முன்னால் பட்டுச்சேலை

தைலம். ரயிலில் யாராவது கையில் தேய்த்துக்கொண்டு ஏறினால் போதும், எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். அந்த மணம் என்னை இழுத்துப்போய் நிறுத்துவது அருங்காட்சியகத்தின் ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால். உள்ளே சுமேரியரின் யாழ். வெளியே பச்சைப் பட்டில் என் அண்ணையின் மகள்.

அதற்கு அடுத்த மாதம் அவளுக்கு வீணை அரங்கேற்றம் நடப்பதாக இருந்தது. மண்டபம் பிடித்தாயிற்று. மிருதங்கக்காரருக்குச் சென்னையிலிருந்து விமானச் சீட்டும் போட்டாயிற்று. கவிதை எழுதுகிறவள் என்பதால் அரங்கேற்ற மலருக்கு முன்னுரை எழுதுவது என் தலையில். அட்டைப் படம் அண்ணையின் யோசனை: உலகத்தின் மிகப் பழைய யாழ்களில் ஒன்றுக்குப் பக்கத்தில் அவருடைய பிள்ளை. ஹவுன்ஸ்லோவிலிருந்து ரயிலில் ஒட்டியாணமும் நெற்றிச்சுட்டியுமாக, மேலே ஒரு குளிர் ஜாக்கெட்டுமாக வந்து இறங்கினாள்.

அருங்காட்சியகக் கழிப்பறையில் அவளுடைய கொசுவத்தைச் சரிசெய்ய நான் குனிந்தபோதுதான் அந்த மணம். அவள் வலக்கை மணிக்கட்டு வீங்கி வளையலுக்குள் இறுகிக் கிடந்தது.

"கன நாளா மாமி. டொக்டர் றெஸ்ற் எண்டவர். அப்பாட்டயும் சொன்னனான்."

"அண்ணை என்ன செய்தவர்?"

"தைலம் வாங்கித் தந்தவர்."

மேலே அண்ணை கமராவோடு தயாராக நின்றார். "எங்கடை யாழ்தான் இது! வளைவைப் பார். முன்னுரையில முதல் வரியே இதுதான் வரவேணும்."

நான் வளைவைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த விளக்கப் பலகையை வாசித்தேன். மரம் மண்ணோடு உக்கிப்போய்விட்டது. மரம் விட்டுப்போன வெற்றிடத்தில் சாந்து ஊற்றித்தான் உருவத்தையே மீட்டார்களாம். நரம்புகள் நம் காலத்தவை. பொன்னும் நீலக்கல்லும் மட்டும் பழையவை. யாழ் கிடைத்தது ஓர் அரசியின் கல்லறையில்; அவளோடு பணிப்பெண்களையும் சேர்த்துப் புதைத்தார்கள். யாழ் கிடந்த இடத்தில் ஒருத்தியின் கையெலும்புகள் நரம்பிருந்த இடத்திலேயே கிடந்தனவாம். அரசிக்குப் பெயர் இருக்கிறது. அந்தக் கைக்கு இல்லை. என்ன வாசித்தாள், யாருக்காக, எது வரை? ஒருவருக்கும் தெரியாது. பொன்னால் செய்த காளைத்தலை மட்டும் நீலத் தாடியோடு முழித்துக்கொண்டு நிற்கிறது, ஒன்றும் நடக்காததுபோல. இதில் எங்கடை என்ன, உங்கடை என்ன! அந்தக் கையையல்லவா யாராவது என்னுடையது என்று கேட்டிருக்க வேண்டும்.

"கையைத் தூக்கு பிள்ளை, மீட்டுற மாதிரி. இன்னும் கொஞ்சம். சிரி."

தூக்கினாள். சிரித்தாள். கண்ணாடியில் தெரிந்த கண்கள் சிரிக்கவில்லை. யாரோ ஒரு சுற்றுலாக்காரன் தானும் போனை நீட்டிப் படம் பிடித்தான்.

"அண்ணை, கை வீங்கியிருக்கு. தள்ளிப் போடுங்கோ."

"தள்ளுறதோ? எல்லாருக்கும் சொல்லியாச்சு. சட்டனில இருக்கிற எங்கடை ஆக்களின்ரை பெட்டை அரங்கேற்றத்தில காய்ச்சலோட ஆடினவள், தெரியுமே?"

"அவள் ஆடட்டும். இவளுக்கு ஏலாது."

"நீ கவிதை எழுதிக்கொண்டு இரு. ஒண்டைப் பெத்து வளர்த்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்."

எனக்குக் குரல் எங்கிருந்து வந்ததென்று தெரியாது. "பெத்தனீங்கள்தானே! அப்ப புதைக்காமல் விடுங்கோ!"

காவலாளி உதட்டில் விரல் வைத்தார். ஊமையாகிப்போன வாத்தியங்கள் நிறைந்த அந்த அறையில் நான்தான் சத்தமாம்.

மூவரும் ரயில் நிலையம் வரை நடந்தோம். அண்ணை என்னைத் திரும்பிப் பாராமல் வாசலைத் தாண்டிப் படியிறங்கினார். எனக்குப் பார்க்கிங் போக வேறு பாதை. அவள் பின்தங்கினாள். பழக்கத்தில் வலக்கையால் பயணக் கார்டை எடுத்து, முகம் சுளித்து, இடக்கைக்கு மாற்றினாள். பட்டுச்சேலையின் கரை நிலத்து ஈரத்தில் கறுத்திருந்தது.

"முன்னுரையை எழுதாதேங்கோ மாமி. நாளைக்கு ஹோல்காரருக்கு நானே போன் பண்ணி அரங்கேற்றம் வேண்டாமெண்டு சொல்லப்போறன். அப்பா கத்துவார். நீங்கள் வந்து பக்கத்தில நில்லுங்கோ."

"ஓம் பிள்ளை, வாறன்."