கோபத்தை அடக்கினேன், ஆட்டோவில் ஏற்றினார்கள்

என் கணவர் போரில் இரண்டு கால்களையும் இழந்தவர். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தண்ணீர் மோட்டார்கள் திருத்துகிறார். எங்களைப் போன்ற குடும்பங்களின் பெண்களுக்காகத் தெல்லிப்பழையில் நடந்த வாழ்க்கைத் திறன் பயிற்சிக்குப் போயிருந்தேன். "கோபம் வந்தால் கதைக்காதேங்கோ. கண்ணை மூடி, நல்லா மூச்சை இழுத்து விடுங்கோ" என்று ரீச்சர் சொன்னா.

அன்று வீடு திரும்பினால், கட்டிலில் என் புதுப் பெட்சீற்றின் மேல் மோட்டாரைக் கழற்றிப் பரப்பி வைத்திருக்கிறார். எங்கும் கிறீஸ் கறை. கத்த வாயைத் திறந்தவள், சட்டென்று கண்ணை மூடி மூச்சை இழுத்தேன்.

"என்னப்பா, நெஞ்சு நோகுதோ?" என்றார்.

நான் பேசாமல் இன்னும் பலமாக இழுத்தேன்.

"ஓடி வாங்கோ! மனுசி ஒண்டும் கதைக்கிறா இல்லை!" என்று அவர் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அண்ணை ஆட்டோவோடு வந்துவிட்டார். வாயைத் திறந்தால் கத்திவிடுவேன் என்று நான் மூச்சையே இழுத்துக்கொண்டிருக்க, அண்ணையும் அவர் மனைவியுமாக என்னைத் தூக்கி ஏற்றியும் விட்டார்கள். கணவர் சக்கர நாற்காலியை ஆட்டோவோடு ஒட்டி நிறுத்தி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீர் போனா நான் என்ன செய்வன்?" என்று அழுதார்.

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. "உங்களுக்கென்ன விசரே? புதுப் பெட்சீற்றிலை கிறீசைப் பூசிப்போட்டு அழுறியளோ?" என்று கத்தினேன்.

"அப்பாடா! ஆஸ்பத்திரி வேண்டாம் அண்ணை, ஆள் சுகமா இருக்கிறா" என்றார், கண்ணைத் துடைத்தபடி.

மூச்சுப் பயிற்சியை நான் விடவில்லை. ஆனால் இப்போதெல்லாம், "எனக்குக் கோபம் வருது, மூச்சு எடுக்கப் போறன்" என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் கண்ணைத் திறப்பதற்குள் சக்கர நாற்காலி முற்றத்தைத் தாண்டியிருக்கும்.