சர்க்கரை குறைந்தது என்று சொன்ன பிறகு

சபையாருக்கு ஸ்தோத்திரம். இரண்டு வருஷத்துக்கு முன்பு இதே இடத்தில் நின்று, "கர்த்தர் என் சர்க்கரையைக் குறைத்துவிட்டார்" என்று சாட்சி சொன்னவன் நான். நீங்கள் கை தட்டினீர்கள். அதன் மிச்சத்தை இன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

சர்க்கரை குறைந்தது உண்மைதான். ஆனால் டாக்டர் சர்க்கரைக்கு ஒன்று, ரத்தக் கொழுப்புக்கு ஒன்று என்று மாத்திரை கொடுத்திருந்தார். சாட்சி சொன்ன பிறகு மருந்துக் கடையில் போய் நிற்க வெட்கமாக இருந்தது. கடைக்காரரும் நம் சபைதான். "சுகமாயிருச்சுன்னு சொன்னீகளே அண்ணே" என்று கேட்டுவிட்டால்? இரண்டையும் நிறுத்திவிட்டேன். மிஷன் பள்ளியில் கிளார்க்காக இருந்த காலத்திலிருந்தே எனக்கு இந்த வீம்பு உண்டு.

வீட்டில் தட்டிக் கேட்க ஆள் இல்லை. மனைவி கர்த்தருக்குள் நித்திரையடைந்து மூன்று வருஷமாகிறது. மகன் வெளிநாட்டில். போனில், "நல்லா இருக்கேம்ப்பா" என்று முடித்துவிடுவேன். சாயங்காலம் ஆரப்பாளையம் கடையில் பரோட்டா, சால்னா. டீயில் சர்க்கரை போடுவதில்லை, அதனால் பத்தியமாக இருக்கிறேன் என்ற நினைப்பு வேறு. சில நாள் என் குரலையே நான் கேட்டதில்லை.

போன லெந்து தவக்கால நாட்களில் மேல்வயிற்றில் வலி வந்தது. யாருக்கும் தெரியாமல் தள்ளி ஒரு லேப்பில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். அன்று மத்தியானம் வலி தாங்கவில்லை. கட்டிலைப் பிடித்து முழங்காலிட்டேன், எழுந்திருக்க முடியவில்லை. செத்தாலும் ஞாயிற்றுக்கிழமை என் இடம் காலியாக இருந்தால்தான் தெரியும். "ஆண்டவரே, சுகம்கூட வேண்டாம். யாராவது ஒருத்தர் வரட்டும்" என்று அழுதேன்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. லேப்பில் ரத்தம் எடுத்த மேலூர்க்காரப் பெண்.

"ஐயா, ரத்தத்தை மெஷின்ல போட்டுச் சுத்த விட்டா மேல தெளிஞ்சு நிக்கணும். உங்களுக்குப் பால் மாதிரி நிக்குது. அம்புட்டும் கொழுப்பு. கூட யாரு இருக்கா?"

"யாரும் இல்லம்மா."

"கதவைத் திறந்து வைங்க. லேப் சீட்டுல உங்க விலாசம் இருக்கு. வாரேன்."

தவழ்ந்து போய்த் திறந்தேன். ஆட்டோவில் வந்து என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். கொழுப்பு ஏறிக் கணையம் வீங்கியிருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டேன் என்றார்கள்.

மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள் என்று அவள் கேட்டாள்.

"சாட்சி சொல்லிட்டேன்மா" என்றேன்.

அந்தப் பெண் நெற்றியில் விபூதி வைத்திருந்தாள். "மாத்திரை குடுத்ததும் உங்க சாமிதான்னு சொல்லியிருக்கலாம்ல?"

நாற்பது வருஷம் பிரசங்கம் கேட்டவனுக்கு இது தோன்றவில்லையே என்று அழுகைதான் வந்தது.

இப்போது மாத்திரையை விடுவதில்லை. சர்க்கரையோடு கொழுப்பையும் சேர்த்துப் பார்க்கிறேன். ஒன்று சரியாக இருந்தால் மற்றதும் சரியாகத்தான் இருக்கும் என்று நீங்களும் என்னைப் போல ஏமாறாதீர்கள். நான் ஒரே ஒரு ஆளைக் கேட்டேன், என்னை முன்பின் அறியாத பிள்ளையை ஆண்டவர் அனுப்பினார். அவருக்கே மகிமை.

தனியாகச் சாப்பிட்டு, தனியாகப் படுத்து, கேட்பவர்களிடம் நன்றாக இருப்பதாகச் சொல்கிறவர்கள் இந்தச் சபையில் இன்னும் சிலர் இருக்கிறீர்கள். எனக்குத் தெரியும். ஆண்டவரிடம் கேளுங்கள், வெட்கப்படாமல் கேளுங்கள். பரிசோதனைக்குப் போகிற அன்று காலையில் எனக்கு ஒரு போன் போடுங்கள். நானும் வெறும் வயிற்றோடு உங்கள் கூட வருகிறேன்.