மழிச்சும் போகாத கருப்பு

அன்னிக்குச் சேர்வராயன் கோயில்ல இருந்தது நான், என் சம்சாரம், எங்க மூணு வயசு மக, மொட்டை போடுற அண்ணன், நாலே பேர். மகளுக்குக் காய்ச்சல் விட்டா எனக்கு மொட்டைன்னு வேண்டியிருந்தோம்.

ரெண்டு வருசம் முந்தி, வழுக்கை தெரியாம இருக்கச் சேலத்துல ஒரு கடையில முன்தலையில பச்சை குத்துற மாதிரி ஊசியால மைப்புள்ளி வெச்சிருந்தேன். "தற்காலிகம்தாங்க, ஒரு வருசத்துல தானா அழிஞ்சிரும்"னாங்க. சம்சாரத்துக்குச் சொல்லலை.

அண்ணன் மூணு தடவை வழிச்சும் முன்தலை கருப்பு போகலை. ரத்தமே வந்துருச்சு. "ஏனுங்க, இது முடியா கம்பியா?"ன்னார். வேண்டுதல் நிறைவேறாம மகளுக்கு மறுபடி காய்ச்சல் வந்துருமோன்னு பயந்து, உண்மையைச் சொல்லிட்டேன்.

"நான் காய்ச்சுன எண்ணெயில மொளைச்சதுன்னுல்ல ஊரெல்லாம் சொன்னேன்"னு சம்சாரம் மொறைச்சா.

"முடி போயிருச்சுங்க, சாமி மையைக் கேக்காது"ன்னு அண்ணன் கத்தியை மடிச்சார்.

தோல் டாக்டரைப் பார்த்தா, "மங்கும், முழுசா போகும்னு உறுதி கிடையாது"ங்கிறார். இதை அந்தக் கடையில முன்னாடியே சொல்லியிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்? இப்ப யாரு 'தானா போயிரும்'னாலும் எழுதிக் குடுங்கன்னு கேக்குறேன். வெக்க ஒரு செலவு, லேசர்ல எடுக்க ஒரு செலவு. அதுக்கு மச்சான்கிட்ட வாங்குனதுல இன்னும் ஒம்பதாயிரம் பாக்கி.