மூன்று பேருக்கு ஒரு அட்டவணை

அனுசியாவுக்குத் தன் அண்ணன்மார் இருவரையும் கண்டாலே ஆகாது. அதை அவள் மறைத்ததும் இல்லை. போடியில் ஒரு தனியார் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். முடிவுறு இயற்கணிதங்களில் முனைவர் பட்டம் வாங்கியவள். விரல்விட்டு எண்ணக்கூடிய சில உறுப்புகள், எந்த இரண்டைச் சேர்த்தால் எது வரும் என்று சொல்லும் ஓர் அட்டவணை. அதற்குள் என்ன ஒழுங்கு இருக்கிறது என்று தோண்டுவதுதான் அவள் ஆராய்ச்சி. "இதைப் படிச்சா ஏலக்கா காய்க்குமாக்கும்?" என்று ஊர் முன்னால் கேட்டவர் பெரியண்ணன் மொக்கச்சாமி. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

அம்மா செத்ததும், அம்மா பேரில் மலைச்சரிவில் இருந்த ஏலத்தோட்டத்துக்குச் சண்டை வந்தது. "அது அனுசியாவுக்கு" என்று அம்மா வாயால் சொன்னதோடு சரி. மொக்கச்சாமி விற்றுவிடலாம் என்றார். சின்னண்ணன் முத்துக்கண்ணன் தனக்கே வேண்டும் என்றான். அக்காவுக்குக் கொடுத்துவிடலாம் என்றது கடைசித் தம்பி அருள்பாண்டி மட்டும்தான்.

மூன்று ஆண்களும் ஒன்றாக உட்கார்ந்தால் அந்த வீட்டில் அடிதடிதான். அதனால் முதலில் இருவர் பேசுவார்கள். அதில் ஜெயித்து நின்ற பேச்சு மூன்றாமவனிடம் போகும். யார் யாருக்கு அடங்குவார் என்பது அனுசியாவுக்கு அத்துப்படி. பெரியவர் ஒரு சத்தம் போட்டால் முத்துக்கண்ணன் கப்சிப். முத்துக்கண்ணன் முறைத்தால், அவனிடமே வேலை பார்த்து அவன் வீட்டிலேயே சாப்பிடும் அருள்பாண்டி வாய் திறக்க மாட்டான். அருள்பாண்டி கண்ணைக் கசக்கினாலோ, தூக்கி வளர்த்த பெரியவர் உருகிவிடுவார்.

அடேயப்பா, மூன்றே உறுப்பு, ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி ஜெயிக்கும் அட்டவணை! இந்த மாதிரி அட்டவணையில் எந்த இரண்டை முதலில் சேர்க்கிறோமோ அதற்குத் தக்கபடி விடை மாறும். அண்ணன்கள் முதலில் பேசினால் பெரியவர் நிற்பார். பிறகு தம்பி போனால் தம்பி நிற்பான். தோட்டம் அவளுக்கு.

தம்பிக்குக் கட்டம் போட்டே காட்டினாள். "அவுக ரெண்டு பேரும் பேசி முடிக்கட்டும். அப்பறமா நீ போ. முந்திக்கிட்டுப் போயிராத."

"சரிக்கா."

அப்படியே நடந்தது. சாயங்காலம் மொக்கச்சாமி மூக்கைச் சிந்திக்கொண்டே, "தங்கச்சியே வச்சுக்கிறட்டும்ப்பா" என்று சொல்லிவிட்டார். அனுசியாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

ஆனால் ஜெயித்தவன், தோற்றவனிடம் நேரில் போய்க் கடைசிப் பேச்சைச் சொல்லிவர வேண்டும். அது அந்த வீட்டு வழக்கம். பெண்பிள்ளையை யாரும் அதற்கு அனுப்பியதில்லை. அவளுக்கு அது நினைப்பிலேயே வரவில்லை. "வெரசாப் போயி முத்துக்கண்ணன்ட்ட சொல்லிட்டு வா" என்று பெரியவர் தம்பியை அனுப்பிவிட்டார். அவள் முடித்துவிட்ட கணக்கு, அங்கே இன்னொரு தடவை பெருக்கப்பட்டது.

காலையில் ஜீப்பில் மலையேறிப் போனால் தோட்டத்து கேட்டில் புதுப் பூட்டு. முன்னால் முத்துக்கண்ணன், அவன் பின்னால் தலையைத் தொங்கப்போட்டபடி அருள்பாண்டி.

"எவன் எவனுக்கு அடங்குவான்னு கட்டம் போட்டியாமே? தம்பி எல்லாத்தையும் கக்கிட்டான். அதுல உனக்கு எவன் அடங்குவான்னு போட்டியாடி?"

அறைய வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. தம்பியைப் பார்த்தாள். அவன் நிமிரவே இல்லை.

"ஒருத்தனும் இல்ல" என்றாள். "எனக்கும் நாலுல ஒரு பங்கு இருக்கு. கோர்ட்டுல பாப்போம்."

"அக்கா..." என்றான் அருள்பாண்டி.

"வாயத் தொறந்த, செருப்புப் பிஞ்சிரும்!"

வந்த ஜீப்பிலேயே மலையிறங்கினாள். தேனியில் வக்கீல், எதிர்த்தரப்பு யார் யார் என்று கேட்டார். மூன்று பேரையும் சொன்னாள். தம்பி பெயரைத்தான் முதலில் சொன்னாள்.