மைக்கில் நான் கேட்ட பணி

இந்த ஞாயிற்றுக்கிழமையும் உங்களோடு உட்காரும்படி என்னை இதே தீவில் வைத்திருக்கிற ஆண்டவருக்கு நன்றி. போன வருஷம் கோடையில் நாங்கள் கப்பலேறப் பார்த்தவர்கள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன், என் பெயர் ஸ்டெல்லா. எங்கள் பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம். கல்யாணமாகி போர்ட் பிளேர் வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. ஷாதிபூர் மேட்டில், நாற்பது படி ஏறினால் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் சாமுவேல் பெயின்டர். ஜனவரியில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்டுப் படுத்துவிட்டார். அன்றிலிருந்து என் இட்லிதான் சோறு போட்டது. மூன்று டீக்கடைகளுக்கு விடிகாலையில் இட்லி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் பிறந்தது. மழை இல்லை. குழாயில் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒருமுறை. கீழ்வீடுகளில் பிடித்து முடிப்பதற்குள் மேட்டில் எங்கள் குழாய் காற்றைத்தான் விடும். இட்லிக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியாது. அரிசி களைய, உளுந்து களைய, கிரைண்டர் கழுவ, தட்டு கழுவ, துணி அலச. முதலில் ஒரு கடையை விட்டேன். பிறகு இன்னொன்று. கடைசியில் மூன்றாவதும் போயிற்று. கிரைண்டரைக் கவிழ்த்துப் போட்டுத் துணியால் மூடினேன். அன்றைக்கு நான் அழுத அழுகை ஆண்டவருக்கு மட்டும்தான் தெரியும்.

"ஊருக்கே போயிருவோம் ஸ்டெல்லா. கப்பல் டிக்கெட் என்னைக்கு குடுக்காங்கன்னு விசாரிக்கச் சொல்லியிருக்கேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

எங்கள் மகள் பெனிட்டா அப்போது பதினொன்றாம் வகுப்பு. இங்கேயே பிறந்தவள். "மெயின்லேண்டுல எனக்கு யாரைத் தெரியும்? நான் வரமாட்டேன்" என்று சாப்பிடாமல் எழுந்து போனாள்.

ஒரு வாய் திறந்து தண்ணீர் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்கமாட்டேன். கோடையில் இந்த ஊரில் ஒரு குடம் தண்ணீர் கேட்பதும், ஒருத்தர் தட்டில் கை வைப்பதும் எனக்கு ஒன்றுதான். அதைவிட, எனக்கு வீம்பு அதிகம். சபையில் பதினெட்டு வருஷமாக நன்றி சொல்லத்தான் எழுந்து நின்றிருக்கிறேனே தவிர, எனக்கென்று ஒரு ஜெபக்குறிப்பு கொடுத்ததில்லை. ஸ்டெல்லாவுக்குக் குறை என்று ஒருத்தரும் பேசிவிடக் கூடாது.

ஆனால் டிக்கெட் கொடுக்கும் தேதி தெரிந்துவிட்டது. ஈஸ்டருக்கு மறுநாள். அதற்குள் எங்காவது ஒரு பள்ளிக்கூடத்திலோ ஆபீஸிலோ ஆயா வேலையாவது கிடைத்தால் தப்பிப்போம் என்று தோன்றியது. குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு, ஜெபக்குறிப்பு கேட்கிற நேரத்தில் எழுந்தேன். மைக்கைப் பிடித்தேன். அங்கேயும் வீம்பு விடவில்லை பாருங்கள். வேலை வேண்டும் என்றால் எடுபிடி வேலை கேட்பதுபோல இருக்குமே என்று கொஞ்சம் மரியாதையான வார்த்தையாகத் தேடினேன்.

"எனக்கு ஒரு பணி வேணும். எல்லாரும் ஜெபம் பண்ணிக்கோங்க."

அவ்வளவுதான் சொன்னேன். அழுகை வந்து அந்தப் 'பணி' இழுத்துக்கொண்டு போனது. பாஸ்டர் ஐயா எனக்காக ஜெபித்தார். அந்த வாரம் முழுக்க ஒரு போன் வரவில்லை. ஆண்டவர் மேலேயே எனக்குக் கோபம். பதினெட்டு வருஷத்தில் ஒருமுறை கேட்டேன், அதுவும் காதில் விழவில்லையா என்று சமையலறையில் நின்று சண்டை போட்டேன்.

குருத்தோலை ஞாயிறு காலை. ஆராதனைக்குச் சேலை கட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் ஹிந்தியில் பேச்சுச் சத்தம். கதவைத் திறந்தால் சலோமி தீதி நிற்கிறார். எங்கள் சபைக்கு வரும் ராஞ்சிக்காரர்களில் ஒருவர், தீதி என்றால் அவர்கள் பேச்சில் அக்கா. தமிழ் அரைகுறை, ஆனால் ஒரு ஞாயிறுகூடத் தவறமாட்டார். தலையில் குடம், கையில் கேன். அவருக்குப் பின்னால் படி நெடுக அவர் குடும்பமும் அக்கம்பக்கத்து ராஞ்சிக் குடும்பமும், எல்லார் கையிலும் குடம், பக்கெட், கேன். எல்லாரும் கோயிலுக்குப் போகிற உடுப்பில் இருந்தார்கள்.

எனக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன தீதி இது? யார் சொன்னா உங்ககிட்ட?"

"நீ தானே சொல்லுச்சு," என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே. "மைக்லே. அழுதுகிட்டு. பானி வேணும்னு."

ஹிந்தியில் பானி என்றால் தண்ணீர்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. உள்ளே படுத்திருந்த என் வீட்டுக்காரருக்கு உடனே புரிந்துவிட்டது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மூன்று மாதத்தில் அன்றைக்குத்தான் அவர் சிரித்தார். நான் கேட்டது தண்ணீர் இல்லை தீதி, திருப்பி எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பின்னால் நின்ற பெனிட்டா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, சுப்."

வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பதினேழு வயசுப் பிள்ளைக்கு இருந்த புத்தி எனக்கு இல்லை.

ஒவ்வொருவராக வந்து டிரம்மில் ஊற்றினார்கள். கீழே அவர்கள் வரிசைவீடுகளுக்குப் பொதுவாக ஒரு கிணறு உண்டு. அதிலும் தண்ணீர் அடியில்தான் கிடந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். டிரம் நிறைந்து விளிம்பைத் தொட்டபோது அதில் கையை விட்டேன். குளிர்ந்து கிடந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். பணி வேண்டும் என்று மைக்கில் கேட்டேனே, என் பணி சமையலறையில் கவிழ்ந்துதானே கிடந்தது. அதற்கு வேண்டியது தண்ணீர் ஒன்றுதான். நான் வெட்கப்பட்டுக் கேட்காமல் விட்டதைத்தான் ஆண்டவர் அனுப்பினார்.

அன்றைக்குக் குருத்தோலைப் பவனியில் பாதிப் பேருக்குச் சேலையும் பேண்டும் முழங்கால்வரை ஈரம். நானும் தென்னங்குருத்தைப் பிடித்துக்கொண்டு அவர்கள் நடுவில் நடந்தேன். அவ்வளவு பெருமையாக நான் எந்த ஊர்வலத்திலும் நடந்ததில்லை.

சாயந்தரமே அரிசி ஊறப் போட்டேன். மழை வருகிறவரை அவர்கள் முறைவைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். தமிழ்க் குடும்பங்களும் சேர்ந்துகொண்டன. ஈஸ்டர் விடியற்கால ஆராதனை முடிந்ததும் சபை முழுவதும் சாப்பிட்டது என் இட்லியைத்தான். மறுநாள் டிக்கெட் கவுன்டர் திறந்தது. என் வீட்டுக்காரர் போகவில்லை. சுவரில் சாய்ந்து எழுந்து நின்று சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு இதே மைக்கில் சாட்சி சொன்னேன். பணி வேறு, பானி வேறு என்று விளக்கியதும் சபையே சிரித்தது. சலோமி தீதி மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகம் வாடிப்போனது. "அரே, நான் கலத் கேட்டுச்சா?" என்றார். தப்பாகக் கேட்டுவிட்டோமே என்று அவருக்கு வருத்தம்.

நான் மைக்கைக் கீழே வைத்துவிட்டு அவரிடம் போய்க் கையைப் பிடித்தேன். "நீங்க சரியாத்தான் கேட்டீங்க தீதி. நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

இப்போது மூன்று கடையும் திரும்பிவிட்டன. என் வீட்டுக்காரரும் பெயின்ட் வேலைக்குப் போகிறார். கூரையிலிருந்து மழைத்தண்ணீர் பிடிக்க ஒரு டேங்க் வைத்திருக்கிறோம். இந்தக் கோடையில் அதிலிருந்து முதல் குடம் நாற்பது படி இறங்கி சலோமி தீதி வீட்டுக்குப் போனது. தூக்கிக்கொண்டு போனது நான்தான்.

என்னைப் போல வீம்பு பிடித்தவர்கள் இங்கே இன்னும் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். எழுந்து நின்று கேளுங்கள். வார்த்தை சரியாக வரவில்லையா, பரவாயில்லை. ஆண்டவருக்கு உங்கள் வீட்டு டிரம்மில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். அவர் காதால் கேட்கிற ஒருத்தரையாவது இந்த பெஞ்சுகளில் உட்கார வைத்திருப்பார்.