தறித்தெருவில் நிலம் அசைந்த காலை

என் மகள் சிவில் இன்ஜினியர். கடலோரத்துத் துறைமுகம் ஒன்றில், கப்பல் வந்து நிற்கும் சுவரில் விரிசல் விட்டிருக்கிறதா, சுவர் சாய்ந்திருக்கிறதா என்று அளந்து பார்ப்பது அவள் வேலை. ஆரணியில் நான்கு விசைத்தறி வைத்திருக்கும் எனக்கு அந்த வேலை ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. அவள் அப்பா போன பிறகு எனக்கு இருப்பது அவள் ஒருத்தி. மழை அறிவிப்பு வந்தால் போதும், போனை எடுத்துவிடுவேன்.

போன ஐப்பசியில் துறைமுகத்துக்குள் இரண்டு நாள் முழங்கால் தண்ணீர். லீவில் வந்தவளிடம் கேட்டேன். "மழத்தண்ணி கடலுக்குத்தான்மா போவணும். கடலே மேல ஏறி நின்னுகினு இருந்தா அது எங்க போவும்?" என்றாள். கடல் மட்டம் வருஷா வருஷம் ஏறுகிறதாம். பூமி குலுங்கினால், கடலைத் தூர்த்துப் போட்ட மண் சேறு மாதிரி இளகிவிடுமாம். சுவர் விலகிய பிறகு ஒரு புயல் வந்தால் கடல் உள்ளே வந்துவிடும் என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். நான் என் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

வேலையை விட்டுவிட்டு வரச் சொல்லி அன்றைக்கே ஆரம்பித்தேன். அழுதேன், சண்டை போட்டேன், நான்கு நாள் பேசாமல்கூட இருந்து பார்த்தேன். நான் பிடிவாதக்காரி. கடைசியில் அவள்தான் இறங்கி வந்தாள். வருகிற திங்கட்கிழமை ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிடுவதாகப் போனில் சொன்னபோது அவள் குரலில் உயிரே இல்லை. கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

எங்கள் தெருவில் தரை சும்மா இருந்ததே கிடையாது. வீட்டுக்கு வீடு விசைத்தறி. அலமாரிப் பாத்திரங்களுக்கு அடியில் பழைய புடவையை மடித்துப் போட்டிருப்போம். இல்லாவிட்டால் டம்ளர் தானே நகர்ந்து வந்து கீழே விழும். புதுத்தறி இறக்குகிறவர் தரையில் காங்கிரீட் போட்டு போல்ட்டை இறுக்காவிட்டால், பக்கத்து வீட்டுக்காரர் உரிமையோடு போய்ச் சண்டை போடலாம்.

வியாழக்கிழமை காலை டம்ளர் இல்லை, குடமே உருண்டது. சுவரிலிருந்து காரை உதிர்ந்தது. எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அப்படி ஒரு கோபம். பக்கத்து வீட்டில் முந்தின வாரம்தான் புதுத்தறி இறக்கியிருந்தார்கள். நேராகப் போய் நின்றேன்.

"இன்னாண்ணா, போல்ட்டு போட்டீங்களா, இல்ல சும்மா நிக்க வெச்சிட்டீங்களா? என் செவுரு உதுருது!"

"இன்னாமா பேஜார் பண்ற? நான் இன்னும் தறியே ஓட்டல. உன் தறிதான் ஆடுதுன்னு கேக்க வந்துகினு இருக்கேன்" என்றார் அவர்.

சத்தம் கேட்டு வந்த நான்கு பேரும் ஆளுக்கொரு தறியைக் குற்றம் சொன்னார்கள். ஒருவருக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை.

திரும்பி வந்து பார்த்தால் போனில் மகளிடமிருந்து ஒன்பது அழைப்பு. கூப்பிட்டேன்.

"அம்மா, வெளிய வந்துட்டியா?"

நிலநடுக்கமாம். பெரிதில்லை. அங்கே மணி அடித்து, கொஞ்ச நேரத்தில் அத்தனை பேரும் திறந்தவெளிக்கு வந்துவிட்டார்களாம்.

"நீ இன்னா பண்ண?"

"போல்ட்டு சண்டைக்குப் போனேன்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். அழுதுவிட்டாள்.

"எது ஆடினாலும் தறின்னு நெனச்சிகினு உள்ளயே இருப்பீங்க. மழ பேஞ்சா நீ எனக்குப் போன் பண்றியே, நான் டெய்லி உன்ன நெனச்சிப் பயந்துகினு இருக்கேன்மா. இங்க செவுத்த அளக்க நாங்க இருக்கோம். அங்க யாரு இருக்காங்க?"

உள்ளே என்னிடம் வேலை பார்க்கும் இரண்டு பெண்களும், உதிர்ந்த காரையைத் தள்ளிவிட்டுத் தறி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஓடிப்போய்க் கரண்டை நிறுத்தி, அவர்களை வெளியே அனுப்பிவிட்டு நானும் வாசலுக்கு வந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

"ஞாயித்துக்கெழம வந்து நம்ம செவுத்தப் பாரு. திங்கக்கெழம வேலைக்குப் போயிடு" என்றேன்.

"லெட்டரு?" என்றாள்.

"கிழிச்சிப் போடு."

சொல்லிவிட்டு, உள்ளே போகாமல் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டேன்.